சுழலும் இருள் – அத்தியாயம் 6: முறுக்குவது யார்?

சென்ற வாரம் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில், 1918ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். ஹீபர் கர்டிஸ் அங்கே எம்87 என்ற வான்பொருளின் படத்தில் நேர்க்கோடு போன்ற ஒரு விசித்திரக் கதிரைக் கண்டார். ஒரு வரியில் அதைப் பதிந்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

அந்தக் கதிர் ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு நீளமான தாரை. அது புறப்படும் இடத்தில் 650 கோடி சூரியன்களின் திணிவு கொண்ட ஒரு கருந்துளை இருக்கிறது. பூமியிலிருந்து ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரம். சித்திரை மாதத்தில் மந்தாரம் விலகிய ஓர் இரவில், பதினொரு மணியளவில், பதுளையில் எந்த முற்றத்தில் நின்றாவது உச்சி வானத்துக்குச் சற்று வடக்கே அண்ணாந்து பாருங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் எம்87 இருக்கும் திசை அதுதான்.

கருந்துளைக்குள் போனது திரும்பி வராது, ஒளிகூட வராது என்று ஐந்து வாரங்களாகப் பார்த்துவிட்டோம். அப்படியானால் இந்தத் தாரையை வெளியே தள்ளுவது எது? அதுவும் ஒளியின் வேகத்தை எட்டிப்பிடிக்கும் வேகத்தில், திசை மாறாமல், ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்துக்கு? கர்டிஸ் பார்த்த நாளிலிருந்து 59 ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு ஒரு முழுமையான பதில் எழுதப்பட்டது. அந்த 59 ஆண்டுகளின் பாதை நம் மலைகளைப் போன்ற ஒரு மலை வழியாகவும் போகிறது.

ஒரு சிறு குறிப்பு: இந்த அத்தியாயத்தில் மூன்று ரொஜர்கள் வருகிறார்கள். குழம்பாமல் இருக்க, முதல் தடவைக்குப் பிறகு எல்லோரையும் குடும்பப் பெயராலேயே சொல்கிறேன்.

*

முதல் ரொஜர் 1953இல் வருகிறார்.

போர் முடிந்து மிஞ்சிய ராடார்க் கருவிகளை வைத்துக்கொண்டு, மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஜோட்ரல் பாங்க் என்ற வெட்டவெளியில் வானொலி அலைகளால் வானத்தை ஆராயத் தொடங்கியிருந்தார்கள். அங்கே இரண்டு ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் ரொஜர் ஜெனிசன். மற்றவர் வங்காளத்திலிருந்து போன மிருணாள் குமார் தாஸ்குப்தா. சிக்னஸ் ஏ என்ற பொருளிலிருந்து மிக வலுவான வானொலி அலை வருவது அப்போது தெரிந்த செய்தி. அது எவ்வளவு பெரியது, எந்த வடிவம் என்பது தெரியாது. ஒரு வாங்கியை ஜோட்ரல் பாங்கில் நிறுத்தி, இன்னொன்றைப் பல கிலோமீட்டர் தள்ளி வேறுவேறு இடங்களில் வைத்து, இரண்டிலும் அலையின் ஏற்ற இறக்கம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று இருவரும் அளந்தார்கள்.

வந்த விடையை யாரும் எதிர்பார்க்கவில்லை. அலை ஓரிடத்திலிருந்து வரவில்லை. இரண்டு இடங்களிலிருந்து வந்தது. சாதாரணத் தொலைகாட்டியில் தெரிந்த மங்கலான விண்மீன் மண்டலம் அந்த இரண்டுக்கும் நடுவே, வானொலியில் ஏறக்குறைய மௌனமாக இருந்தது. அதன் இரு பக்கத்திலும், விண்மீன்களே இல்லாத வெறும் வெளியில், இரண்டு மாபெரும் முகில்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 4 இலட்சம் ஒளியாண்டுக்கு மேல்.

வெறும் வெளியில் கிடக்கும் முகிலுக்கு யார் தீனி போடுகிறார்கள்? நடுவிலிருக்கும் மண்டலம்தான் போட வேண்டும். அப்படியானால் இடையில் ஏதோ ஒன்று ஓட வேண்டும். அந்த ஓட்டத்தை, நூல் போன்ற மெல்லிய தாரையாக, சிக்னஸ் ஏயில் தெளிவாகப் படம்பிடிக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் இன்னொருவர் கணக்குப் போட்டார். முகில்களிலிருந்து வரும் அலை, காந்தப்புலத்தில் சுருண்டு சுருண்டு ஓடும் இலத்திரன்கள் வீசும் கதிர். (கதிர் வீசும் இலத்திரன் எப்படி நகரும் என்ற சிக்கலான கேள்வியை 1940களில் டிராக்கின் மாணவராக ஆராய்ந்தவர் சி. ஜே. எலியேசர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக இருந்த தமிழர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு தொடர் எழுதலாம்.) அப்படிக் கதிர் வீசும் முகில் ஒன்றில் குறைந்தபட்சம் எவ்வளவு சக்தி அடங்கியிருக்க வேண்டும் என்று 1950களின் இறுதியில் ஜெப்ரி பேர்பிட்ஜ் கணித்தார். பெரிய முகில்களுக்கு வந்த விடை, 5 இலட்சத்துக்கும் அதிகமான சூரியன்களை ஒரு துளி மிச்சமில்லாமல் சக்தியாக மாற்றினால் கிடைக்கும் அளவு. சூரியன் எரிவதுபோல ஐதரசனை ஈலியமாக்கினால் திணிவில் நூற்றுக்கு 0.7 பங்குதான் சக்தியாகிறது. அந்த வழியில் இந்தக் கணக்கு எட்டவே எட்டாது.

ஆக, வானத்தில் ஓர் எந்திரம் இருக்கிறது. அணுவைவிடத் திறமையான எந்திரம். அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

*

இப்போது நீலகிரிக்குப் போவோம்.

1963இல் கோவிந்த் சுவரூப் அமெரிக்காவிலிருந்து பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பினார். தொலைதூர வானொலி மூலங்களின் அளவை அறிய அவர் கையாள நினைத்த வழி எளிமையானது. சந்திரன் வானத்தில் நகரும்போது அந்த மூலங்களை ஒவ்வொன்றாக மறைக்கும். மூலம் சிறிய புள்ளியாக இருந்தால் அலை சட்டென்று அறுந்துவிடும். அகன்றதாக இருந்தால் மெல்ல மெல்லக் குறையும். இரட்டை முகிலாக இருந்தால் இரண்டு படியாக இறங்கும். சந்திரனின் விளிம்பையே கத்தியாக்கி வானத்தை அறுத்துப் பார்க்கும் வேலை.

அதற்கு மிக நீளமான கருவி வேண்டும். அது மணிக்கணக்காக ஒரே பொருளைப் பின்தொடரவும் வேண்டும். கருவியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருந்துவிட்டால், ஒரே ஓர் அச்சில் மெதுவாகத் திருப்பினாலே போதும். ஆனால் அரைக் கிலோமீட்டர் நீளமான ஒன்றை எப்படிச் சாய்த்து நிறுத்துவது? சுவரூப் மலையையே கருவியின் தாங்கியாக்கினார். உதகமண்டலம் 11 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. வடக்கு நோக்கி 11 பாகை உயரும் ஒரு சரிவைத் தேடி, ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கண்டுபிடித்தார்கள். அங்கே 24 பரவளைவுச் சட்டங்களை வரிசையாக நாட்டி, 1,100 துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளை 530 மீற்றர் நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். அகலம் 30 மீற்றர். திட்டத்துக்குத் துணைநின்ற ஹோமி பாபா 1966 சனவரியில் மொன்ட் பிளாங்க் மலையில் விமானம் மோதி இறந்துபோனார். வேலை நிற்கவில்லை. 1970 பெப்ரவரியில் ஊட்டித் தொலைகாட்டி சந்திரன் மறைத்த முதல் மூலத்தைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு வெளியான அறிக்கையில் கபாஹி, சர்மா, ஜோஷி ஆகியோரோடு ஆனந்தகிருஷ்ணன், பாலசுப்பிரமணியன் என்ற பெயர்களும் இருந்தன.

பதுளை ஏறத்தாழ 7 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. அதே கருவியை இங்கே நிறுத்த 7 பாகைச் சரிவு போதும். பசறையிலோ அப்புத்தளையிலோ லயத்துக்குப் பின்னால் மலைக்கு ஏறும் எந்த ஒற்றையடிப் பாதையும் அதைவிடச் செங்குத்தானது.

முத்தோரையில் கம்பி இழுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அந்த மலைகளுக்கு வேறு ஒரு கூட்டமும் வந்து சேரத் தொடங்கியது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை ஊவாவில் உட்கார்ந்து எழுத என்னால் முடியாது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக்கப்பட்ட 9,75,000 மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தார்கள். யாரையும் கேட்கவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் ஏறியவர்களைத் தலைமன்னார் நோக்கிக் கொண்டுபோன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்ற பெயர் வந்தது. கடல் தாண்டி, மண்டபம் முகாம் தாண்டிப் போனவர்களில் பலர் நீலகிரியில் குடியமர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு வனத்துறை 1968இல் அங்கே தேயிலை நடத் தொடங்கியது. பின்னாளில் அது டான்டீ என்ற அரசு நிறுவனமானது. கோத்தகிரியிலும் கூடலூர்ப் பக்கத்திலும் அவர்களை இன்றும் சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள்.

கொழுந்து பறிக்கத் தெரிந்த கைகள் அங்கே காட்டை வெட்டித் தேயிலை நட்டன. அதே மலைத்தொடரில், சில மணிநேரப் பஸ் பயணத் தூரத்தில், உலகின் மிகப் பெரிய வானொலித் தொலைகாட்டிகளில் ஒன்று பிரபஞ்சத்தின் விளிம்பை அளந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே மலையின் ஒரே பத்தாண்டு வரலாறு. நம் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஊட்டி காலப்போக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலங்களின் அளவைச் சேர்த்தது. மங்கலான, தூரத்து மூலங்கள் அருகில் இருப்பவற்றைப் போல இல்லை என்பதும், பிரபஞ்சம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது என்பதும் 1975இல் கபாஹியும் சுவரூப்பும் வெளியிட்ட முடிவுகளிலிருந்து வலுப்பெற்றன. அந்த எந்திரங்கள் பழைய காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தவை.

சரி, எந்திரம் எது?

*

இரண்டாவது ரொஜர், ரொஜர் பென்ரோஸ். 1969.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1963இல், நியூசிலாந்துக்காரரான ரோய் கெர், சுழலும் கருந்துளைக்கான சமன்பாட்டை ஐன்ஸ்டீனின் கோட்பாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. கருந்துளை சுழன்றால் அதைச் சுற்றியிருக்கும் வெளியும் சேர்ந்து இழுபடும். திரும்பி வரமுடியாத எல்லையான நிகழ்வெல்லைக்கு வெளியே ஒரு வலயம் உண்டு. எர்கோ வலயம் என்பார்கள். அதற்குள் எதுவும் அசையாமல் நிற்க முடியாது. எவ்வளவு பலமாக எதிர்த்தாலும் சுழற்சியின் திசையில்தான் போக வேண்டும். ஆனால் அது நிகழ்வெல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே போனது திரும்பி வரலாம்.

பென்ரோஸ் இதில் ஒரு வாசலைக் கண்டார். ஒரு பொருள் எர்கோ வலயத்துக்குள் போய் இரண்டாக உடைகிறது என்று வையுங்கள். ஒரு துண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சக்தி பூச்சியத்துக்கும் கீழே இருக்கும்படியான பாதையில் உள்ளே விழுந்தால், மற்றத் துண்டு போனதைவிட அதிகச் சக்தியோடு வெளியே வரும். கணக்கு சரியாக வரவேண்டுமே, அந்த அதிகம் எங்கிருந்து வந்தது? கருந்துளையின் சுழற்சியிலிருந்து. அது இம்மியளவு மெதுவாகும். 1970இல் டிமெட்ரியோஸ் கிறிஸ்தொடூலு இதன் எல்லையைக் கணித்தார். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையின் திணிவில் நூற்றுக்கு 29 பங்கு வரை சுழற்சியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை எடுக்க முடியும். பேர்பிட்ஜின் கணக்கு கேட்ட சக்திக் கிடங்கு இதோ கிடைத்துவிட்டது.

இரண்டே ஆண்டில் அந்த நம்பிக்கை உடைந்தது. 1972இல் பார்டீன், பிரெஸ், டியூகோல்ஸ்கி மூவரும் துண்டுகள் எவ்வளவு வேகத்தில் பிரிய வேண்டும் என்று பார்த்தார்கள். ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல்! அந்த வேகத்தில் பொருட்களை உடைக்க இயற்கையில் எதுவும் இல்லை. இருந்தால் அந்த எந்திரத்துக்குக் கருந்துளையே தேவைப்படாது. கிடங்கு நிரம்பியிருந்தது, கதவு திறக்கவில்லை.

*

மூன்றாவது ரொஜர் கேம்பிரிட்ஜில் இருந்தார். ரொஜர் பிளாண்ட்ஃபோர்ட், முப்பது வயதைத் தொடாதவர். கூட இருந்தவர் ரோமன் ஸ்னாயெக் என்ற இன்னோர் இளம் ஆய்வாளர். 1977இல் இருவரும் அரச வானியல் கழகத்தின் மாத இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எதையும் உடைக்கவில்லை. பொருளை விட்டுவிட்டுக் காந்தப்புலத்தைப் பிடித்தார்கள்.

ஊவாவின் பழைய தேயிலைப் பெக்டரிகளை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. லக்சபானாவின் மின்சாரம் மலைகளுக்கு வருவதற்கு முன்னால், ஓடையை மறித்து வாய்க்காலில் திருப்பி, குழாயில் இறக்கி, டர்பைனைச் சுழற்றித்தான் பல பெக்டரிகள் ஓடின. அந்தச் சுழற்சியில் ஒரு டைனமோவையும் பூட்டிவிட்டால் விளக்கும் எரியும். டைனமோ செய்வது ஒன்றே ஒன்று. காந்தப்புலத்துக்குள் ஒரு கடத்தி சுழல்கிறது, அதற்குள் மின்னோட்டம் பிறக்கிறது. பரடே 1831இல் ஒரு செப்புத் தட்டைக் காந்த முனைகளுக்கு நடுவே சுழற்றிக் காட்டியதும் இதைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். விளக்கு எரியாதபோது டைனமோ இலேசாகச் சுழலும். எல்லா விளக்கையும் போட்டதும் அது பாரமாகும், டர்பைனின் வேகம் குறையப் பார்க்கும். வெளியே போகும் மின்சாரம் சுழற்சியைப் பின்னுக்கு இழுக்கிறது. சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்தப் பாரமே சாட்சி.

பிளாண்ட்ஃபோர்ட்டும் ஸ்னாயெக்கும் சொன்ன டைனமோவில் சுழல்வது உலோகம் அல்ல. வெளி.

இரண்டு தடைகள் உடனே எழுகின்றன, இரண்டையும் அவர்கள் முன்கூட்டியே பார்த்திருந்தார்கள். கருந்துளைக்குச் சொந்தமாகக் காந்தம் இருக்க முடியாது. உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கும் சூடான வாயு ஒரு தட்டாகச் சுழல்கிறது, அதில் ஓடும் மின்னோட்டங்கள் காந்தப்புலத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அந்தப் புலக்கோடுகளில் ஒரு பகுதி கருந்துளையை ஊடுருவி நிற்கிறது. அடுத்தது, கருந்துளையின் அச்சுப் பக்கம் ஏறக்குறைய வெற்றிடம். வெற்றிடத்தில் மின்னோட்டம் எப்படிப் பாயும்? இங்கேதான் அவர்களின் கட்டுரை எனக்கு மிக அழகாகத் தெரிகிறது. சுழற்சி உருவாக்கும் மின்னழுத்தம் அந்த வெற்றிடத்தையே உடைத்துவிடுகிறது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று. பெரிய கருந்துளை ஒன்றைச் சுற்றி எழக்கூடியது 1க்குப் பின்னால் 20 பூச்சியம் போட்ட வோல்ற்று. அதில் சிக்கிய ஒரு தனி இலத்திரன் அசுர வேகம் எடுத்துக் காமாக் கதிரை வீசும். அந்தக் கதிர் ஓர் இலத்திரனாகவும் ஒரு பொசித்திரனாகவும் பிறப்பெடுக்கும். அவையும் வேகமெடுத்து மேலும் கதிர் வீசும். கணநேரத்தில் வெற்றிடம் மின்னைக் கடத்தும் மின்மங்களால் நிரம்பிவிடும். கம்பி தானாகவே முளைத்துவிடுகிறது.

பிறகு நடப்பது முறுக்கல். புலக்கோட்டின் அடிப்பகுதியை இழுபடும் வெளி சுழற்றுகிறது. மேற்பகுதி தூரத்தில், சுழலாத இடத்தில் இருக்கிறது. கோடு முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு அச்சு வழியே மேலும் கீழும் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் ஓடுகிறது. முறுக்கேறிய புலம் உள்நோக்கியும் அழுத்துவதால், சுற்றியுள்ள தட்டுக் காற்றின் துணையோடு ஓட்டம் விரியாமல் ஒடுங்கி நிற்கிறது. சக்தி முதலில் போவது பொருளாக அல்ல, காந்தப்புலமாகவும் மின்புலமாகவும். பொருள் பிறகு அதில் ஏறிக்கொள்கிறது. சிக்னஸ் ஏயின் இரண்டு முகில்கள், எம்87இன் நேர்க்கதிர், இரண்டுக்கும் ஒரே எந்திரம் போதும். சுழலும் பெரும் பொருளின் அச்சு எளிதில் மாறாது என்பதால் தாரை ஏன் திசை மாறாமல் இருக்கிறது என்பதற்கும் பதில் கிடைத்தது.

வலுவையும் கணக்கிட்டார்கள். காந்தப்புலம் இரு மடங்கானால் தாரையின் வலு நான்கு மடங்கு. சுழற்சி இரு மடங்கானாலும் ஏறக்குறைய அப்படியே. 100 கோடி சூரியன்களின் திணிவுள்ள கருந்துளை உச்ச வேகத்தில் சுழல்கிறது, அதைச் சுற்றி 10,000 காஸ் காந்தப்புலம் இருக்கிறது என்று வைத்தால், கிடைக்கும் வலு இருபதாயிரம் கோடிக்கும் அதிகமான சூரியன்களின் வெளிச்சத்துக்கு ஒப்பானது. கருந்துளை ஒவ்வொரு கணமும் இம்மியளவு மெதுவாகிறது. டைனமோவின் அந்தப் பாரம்தான்.

அடுத்த ஆண்டு, 1978இல், ஸ்னாயெக்கும் பிரான்ஸின் திபோ டாமூரும் தனித்தனியே இன்னொரு முடிவுக்கு வந்தார்கள். மின்சாரத்தின் கண்ணில் கருந்துளையின் மேற்பரப்பு ஒரு கடத்தியைப் போல நடந்துகொள்கிறது, அதற்கு ஒரு மின்தடையும் உண்டு. 377 ஓம். கடையில் வாங்கும் ஒரு சின்னத் தடையியின் அளவு. எந்தக் கருந்துளைக்கும் அதே எண்.

பூனாவிலிருந்தும் ஒரு குரல் வந்தது. 1985இல் சஞ்சய் வாக், சஞ்சீவ் துரந்தர், நரேஷ் தாதிச் மூவரும் பென்ரோஸின் பழைய வாசலுக்கே திரும்பிப் போனார்கள். கருந்துளையைச் சுற்றி மின்காந்தப்புலம் இருந்தால், உடையும் துண்டுகள் ஒளியின் பாதி வேகத்தில் பிரிய வேண்டியதில்லை, தேவையான உந்துதலைப் புலமே கொடுத்துவிடும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு எஸ். பார்த்தசாரதியும் சேர்ந்து, அந்த வழியின் வினைத்திறன் எவ்வளவு உயரலாம் என்பதையும் எழுதினார்கள். 1972இல் மூடிய கதவு காந்தப்புலத்தால் இரண்டு பக்கமும் திறந்தது.

*

எல்லாம் முடிந்ததுபோல இருந்தது. 1990இல் அமெரிக்காவிலிருந்து பிரையன் பன்ஸ்லியும் பெர்டினாண்ட் கொரோனிட்டியும் கையை உயர்த்தினார்கள்.

அவர்களின் கேள்வி கூர்மையானது. நிகழ்வெல்லையிலிருந்து எந்தச் செய்தியும் வெளியே வராது என்கிறீர்கள். அதே நிகழ்வெல்லையை ஒரு மின்கலம் போல வைத்து, அது வெளியே மின்னோட்டத்தை ஓட்டுகிறது என்றும் சொல்கிறீர்கள். வெளியே இருக்கும் புலக்கோட்டுக்கு, முறுக்கிக்கொள் என்று சொல்ல எதுவும் வர முடியாதே, அப்புறம் முறுக்குவது யார்?

பத்தாண்டுக்கு மேல் அந்த வாக்குவாதம் ஓடியது. சமன்பாட்டைக் கையால் தீர்ப்பதை விட்டு, கணினியில் வெளியையும் வாயுவையும் புலத்தையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்கத் தொடங்கியபோதுதான் தெளிவு வந்தது. 2001இலிருந்து செர்கேய் கொமிசரோவ் செய்த கணிப்புகள் காட்டியது இது: முறுக்குவதற்கு நிகழ்வெல்லை தேவையில்லை. அதற்கு வெளியே உள்ள எர்கோ வலயமே போதும். அங்கே எதுவும் நிற்க முடியாது என்றேனே, புலக்கோடும் நிற்க முடியாது. இழுபடும் வெளியே அதை முறுக்குகிறது. கீழே பூச்சியத்துக்கும் குறைந்த சக்தி உள்ளே விழுகிறது, மேலே அதிகச் சக்தி வெளியேறுகிறது. பென்ரோஸ் 1969இல் துண்டுகளை வைத்துச் சொன்னதைப் புலம் ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தது.

இனி ஒரு கேள்விதான் மிச்சம். அவ்வளவு காந்தப்புலம் கருந்துளையின் வாசலில் உண்மையில் சேருமா? 1971இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரான ரமேஷ் நாராயண் 2003இல் இகுமென்ஷெவ், அப்ராமோவிச் இருவரோடும் சேர்ந்து ஒரு பதில் சொன்னார். (புரத அமைப்பின் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ தந்த ஜி. என். இராமச்சந்திரனின் மகன் இவர்.) விழும் வாயு காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. புலம் நடுவில் குவிந்து குவிந்து, ஒரு கட்டத்தில் வாயுவையே மேலே விழவிடாமல் தடுத்து நிறுத்திவிடும். அந்த நிலையில் கருந்துளையை ஊடுருவும் புலம் உச்சத்தில் இருக்கும்.

2011இல் அலெக்சாண்டர் செகோவ்ஸ்கோய், நாராயண், மக்கின்னி மூவரும் அந்த நிலையைக் கணினியில் ஓட்டினார்கள். மிக வேகமாகச் சுழலும் கருந்துளை. விழுந்த வாயுவின் திணிவுக்குரிய சக்தி 100 பங்கு என்றால், வெளியே வந்தது 140 பங்கு. கணக்குப் பிழையில்லை. விழுவதை மட்டும் நம்பிய எந்த எந்திரமும் 100ஐத் தாண்ட முடியாது. தாண்டிய 40க்கு ஒரே ஒரு மூலம்தான் இருக்க முடியும், சுழற்சி. கேம்பிரிட்ஜின் இரண்டு இளைஞர்கள் 34 ஆண்டுகளுக்கு முன் எழுதியது கணினிக்குள் ஓடியது.

கணினிக்குள் ஓடுவது வேறு, வானத்தில் ஓடுவது வேறு. 2017 ஏப்ரலில் நான்கு இரவுகள், ஹவாயிலிருந்து ஸ்பெயின் வரை, சிலி வரை, பல தொலைகாட்டிகள் ஒன்றாக எம்87இன் நடுவை நோக்கித் திரும்பின. கர்டிஸின் கதிர் புறப்படும் இடம். 2019 ஏப்ரல் 10ஆம் திகதி அந்தப் படம் வெளியானது. இருட்டைச் சுற்றி ஒரு நெருப்பு வளையம். உலகமே கொண்டாடியது.

ஆனால் இந்த வரலாறு தெரிந்தவர்கள் அந்தப் படத்தில் முதலில் தேடியது வளையத்தை அல்ல. 101 ஆண்டுகளாக எல்லோரும் துரத்திய அந்தத் தாரையை. அது படத்தில் இல்லை.

எங்கே போனது?

(தொடரும்)